சிவப்புப் பூக்கன்றுத் தெரிவு பற்றிய புகார்

கொழும்பு 06,
ஜனவரி 12.

முகாமையாளர்,
தோட்ட ஆலோசனைப் பிரிவு.

அன்புடையீர்,

கடந்த ஆகஸ்ட் மாதம் முன் முற்றத்துக்குச் சிவப்புப் பூக்கன்றுகளைத் தெரிவு செய்து நட்டுத்தரும்படி உங்களிடம் கேட்டிருந்தேன். 16 கன்றுகளும் 6,000 ரூபாய் ஆலோசனைக் கட்டணமும் சேர்த்து 38,500 ரூபாய் கட்டினேன். பற்றுச்சீட்டின் பிரதி இணைத்திருக்கிறேன்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. வாசல் மேற்குப் பார்த்தது. மத்தியானத்துக்குப் பிறகு முற்றத்தில் நிழலே கிடையாது. சோளகக் காலத்தில் உப்புக்காற்று யன்னல் கம்பியையே தின்றுவிடும். இதையெல்லாம் உங்கள் ஆலோசகர் தம்பியிடம் வாசலில் நின்றே சொன்னேன். வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான் என்றும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அந்தக் குறிப்பை அதற்குப் பிறகு யாராவது வாசித்தார்களா?

கேட்பதற்குக் காரணம் அலரி. படிக்கட்டுக்குப் பக்கத்தில், பேரனின் கை எட்டும் உயரத்தில், இரண்டு செவ்வலரி நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் அன்று வெளியே போயிருந்தேன். வந்து பார்த்துவிட்டு தொலைபேசியில் கேட்டால், "அன்ரி, மஞ்சள் அலரிதான் நஞ்சு, இது சிவப்புத்தானே" என்கிறார். இரண்டுமே நஞ்சு. இலை, பூ, தண்டு, பால் எதுவும் விலக்கில்லை, இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. பூக்கன்று விற்பவருக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இப்போது அந்த இரண்டையும் சுற்றிக் கம்பிவலை அடித்து வைத்திருக்கிறேன், அந்தச் செலவு வேறு.

நான்கு ஜெரேனியம் ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாக் குளிரில் மதமதவென்று பூப்பதை வெள்ளவத்தை வெயிலில் கொண்டுவந்து வைத்தால் வேறென்ன நடக்கும்?

பொயின்செட்டியா இரண்டும் சாகவில்லை, ஆனால் நத்தாருக்குச் சிவக்கும் என்றீர்கள், இன்றைக்கும் பச்சையாகவே நிற்கின்றன. "உரம் போடுங்கள்" என்றார் தம்பி. போட்டேன், பச்சை இன்னும் கூடியது. அதில் சிவப்பாகத் தெரிவது பூவல்ல, மேலிலைகள். அவை நிறம் மாற வேண்டுமானால் வாரக்கணக்கில் நீண்ட, வெளிச்சமே படாத இரவுகள் வேண்டும். நீங்கள் நட்ட இடமோ, விடிய விடிய எரியும் வீதி விளக்கின் கீழ். பக்கத்து வீட்டாரின் பின்வளவில் நிற்பது டிசம்பரிலேயே செக்கச்செவேலென்று இருந்தது.

வெட்சி ஆறும் புதிதாகப் பூசிய மதிலோரம், கொத்தனார் விட்டுப்போன சீமெந்துக் கழிவுக்குள் நடப்பட்டிருக்கின்றன. புளிப்புத்தன்மையுள்ள மண்ணைத்தான் வெட்சி விரும்பும். சுண்ணாம்பு கலந்த மண்ணில் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், போகன்வில்லா இரண்டும் அருமை. அதுவும் உங்கள் துண்டுப்பிரசுரம் சொன்னபடி தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியவரை இலையாகத்தான் தள்ளியது. அலுத்துப்போய் நிறுத்தினேன், அப்புறம்தான் பூத்தது.

சாமிப்படத்துக்குச் செவ்வரத்தை வேண்டும் என்று முதலிலேயே கேட்டேன். அது பழைய காலத்துச் செடி என்று தம்பி தட்டிவிட்டார். மாமி வைத்த செவ்வரத்தை பின்வளவில் கவனிப்பாரின்றி நின்று தினமும் பூக்கிறது. ஒரு பூ ஒரு நாள்தான் நிற்கும், சரி, மறுநாள் வேறு நாலு விரியும்.

ஆகவே அலரி இரண்டையும் இந்த வாரமே வேரோடு எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒற்றை இதழ்ச் சிவப்புச் செவ்வரத்தை நட்டுத்தாருங்கள். ஜெரேனியத்தின் விலையையும் ஆலோசனைக் கட்டணத்தையும் திருப்பித்தர வேண்டும். தெரிவு செய்வதற்கென்றே அந்த 6,000 ரூபாயைக் கொடுத்தேன், படத்தில் சிவப்பாக இருப்பதைப் பொறுக்க எனக்கே தெரியும். வெட்சிகளுக்கு மண் மாற்றித்தந்தால் போதும். பொயின்செட்டியாவை நானே பின்னுக்கு நகர்த்துகிறேன்.

14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவேன்.

அலரி எடுக்க வருபவர்கள் கையுறையோடு மாலை 4 மணிக்குப் பிறகு வரட்டும். அதற்கு முன் பேரன் நித்திரை.

இங்ஙனம்,
வெள்ளவத்தை வாடிக்கையாளர்