மாலைக்குப் பிறகு கடிக்கும் பாம்புகள்: கால்நடைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் அவர்களுக்கும், மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும்,

வணக்கம்.

ஐப்பசி மாதம் எங்கள் வீட்டு நாய் பாம்பு கடித்து இறந்ததை முன்னிட்டு, திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் நான் கொடுத்த மனுவுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் அனுப்பியமைக்கு முதலில் நன்றி. 'வளர்ப்புப் பிராணிகளைப் பாதுகாப்பாக வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பாகும். மனு முடித்து வைக்கப்படுகிறது' என்ற அந்த இரண்டு வரிகளைப் பலமுறை படித்தேன். முதல் வரியோடு எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் நான் கேட்டது வேறு. மாவட்டத்தில் ஓரிடத்திலாவது இரவு முழுவதும் ஒரு கால்நடை மருத்துவர் பணியில் இருக்க வேண்டும். அவர் கைக்கெட்டும் இடத்தில் பாம்புக்கடி விஷமுறிவு மருந்து இருக்க வேண்டும். கேட்காத கேள்விக்குப் பதில் வந்துவிட்டபடியால், கேட்ட கேள்வியைப் பொதுவில் மறுபடியும் வைக்கிறேன்.

உரிமையாளரின் பொறுப்பை நான் எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரிச்சான் ஆறு வயது நாய், கன்னி என்னும் நாட்டு இனம். வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டு தவறாமல் போட்டதற்கு அட்டை இருக்கிறது. மே மாத வெயிலில் அதை வெளியே கட்டியதில்லை. வயிறு முறுக்கிக்கொள்ளும் என்பதால் தின்றவுடன் ஓடவிட்டதில்லை. நாய் வாய் வைத்துவிடும் என்று வீட்டில் எலி மருந்தும் வைத்ததில்லை. இரவில் திண்ணையில்தான் கட்டுவோம். அன்று மழை விட்டிருந்தது. ஒன்பதே முக்கால் மணிக்கு, கட்டுவதற்கு முன் சிறுநீர் கழிக்க அவிழ்த்துவிட்ட அந்த இரண்டு நிமிடத்தில், வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து குக்கர் சீறுவதைப் போன்ற சத்தம் கேட்டது. கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, முதுகில் சங்கிலி கோத்தாற்போல் புள்ளிகளோடு சுருண்டு கிடந்தது கண்ணாடி விரியன். கரிச்சானின் மூக்குத் தண்டில் இரண்டு பல் பதிந்திருந்தது.

மிளகு கொடு, கடிவாயைக் கீறிவிடு, கழுத்தில் துணியை இறுக்கிக் கட்டு என்று அக்கம்பக்கத்தார் சொன்ன எதையும் நாங்கள் செய்யவில்லை. விரியன் கடிக்குக் கட்டுப் போட்டால் அந்த இடத்துச் சதை அழுகும் என்பதும், கடிபட்ட நாயை நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். போர்வையில் சுற்றி, இரு சக்கர வண்டியில் எனக்கும் என் அண்ணன் மகனுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். தெரியாமல் போனது ஒன்றுதான்: எங்கே போவது என்பது.

எங்கள் ஒன்றியத்துக் கால்நடை மருந்தகம் பூட்டிக் கிடந்தது. அதற்காக அங்குள்ள உதவி மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். பல ஊர் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் சேர்த்து அவர் ஒருவர். பகலெல்லாம் சினை ஊசிக்கும் தடுப்பூசி முகாமுக்கும் அலைகிறவரை இரவிலும் விழித்திருக்கச் சொல்வது நியாயமில்லை. பலகையில் எழுதியிருந்த கைபேசி எண்ணை அழைத்தால், அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழிகளில் தெரிவித்தது. அடுத்து, மனிதர்களுக்கான ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம்.

அந்த வாசலில் நின்ற பதினைந்து நிமிடங்களைத்தான் என்னால் இன்னும் கடக்க முடியவில்லை. அதற்குள் கரிச்சானின் முகம் ஒரு பக்கம் வீங்கி, கண் மூடிக்கொண்டு, மூக்கிலிருந்து வடிந்த இரத்தம் என் சட்டையை நனைத்திருந்தது. பணியிலிருந்த செவிலியர் நல்லவர். நாயைப் பார்த்ததும் ஓடி வந்தார், முகத்தைத் துடைக்கப் பஞ்சு கொடுத்தார். விஷமுறிவு மருந்துக் குப்பிகள் அலமாரியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசையாக நிற்பது எனக்கே தெரிந்தது. 'ஒவ்வொரு குப்பிக்கும் நோயாளி பேர் எழுதணுங்க. இன்னிக்கு ராத்திரியே வேற யாருக்காவது கடிச்சு வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?' என்று கேட்டார். அவர் கேட்டது சரிதான் என்று எனக்கும் தோன்றியது. மனிதருக்கு வைத்திருப்பதை நாய்க்குப் பிடுங்கிக் கொடுங்கள் என்று அன்றும் நான் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. நாய்க்கும் மாட்டுக்கும் என்று தனியே ஓர் அலமாரி எங்குமே இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

நாற்பத்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தனியார் மருத்துவர் ஒருவர் கதவைத் திறந்தபோது மணி ஒன்று. கரிச்சானின் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்த்தார், தண்ணீராக ஓடியது. விரியனின் விஷம் இரத்தம் உறையும் தன்மையையே அழித்துவிடுகிறது என்றும், பிறகு சிறுநீரகத்தில் கை வைக்கும் என்றும் விளக்கினார். அவரிடம் இருந்ததே இரண்டு குப்பிகள். நாயின் எடைக்குத் தகுந்தாற்போல் இந்த மருந்தைக் குறைத்துக்கொள்ள முடியாது. உடம்பு சிறியது என்பதற்காகப் பாம்பு குறைவாக விஷத்தை இறக்குவதில்லை. இரண்டையும் ஏற்றினார். மறுநாள் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் வந்தது, அதன் பிறகு வரவேயில்லை. மூன்றாம் நாள் விடியலில் கரிச்சான் இறந்தது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியிருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். வாய்ப்பு அதிகம் இருந்திருக்கும் என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த மருந்து ஒன்றும் கடல் கடந்து வருவதில்லை. 1978இல் தொடங்கி, வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கைத் தருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்து. உறைய வைத்து உலர்த்திய தூளாகவும் அது கிடைப்பதால், மின்சாரம் அடிக்கடி போகும் ஊரிலும் குளிர்ப்பெட்டியை நம்பாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். எனவே இரவுப் பணிக்கு ஒரு மருத்துவர், பத்திருபது குப்பிகள், பூச்சிமருந்து தின்றுவிட்ட பிராணிக்கு அட்ரோபின், எலி மருந்து தின்றதற்கு வைட்டமின் கே ஊசி, நரம்பில் ஏற்றும் திரவம், மாவட்டத்துக்கு ஓரிடம்: இவ்வளவுதான் நான் கேட்பது. இது செல்லப் பிராணி வளர்க்கும் வசதிக்காரர்களின் ஆசை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். கன்று குறுக்கே சிக்கி இரவெல்லாம் கத்தும் பசுவுக்கும், மேய்ச்சலில் கடிபட்டுப் பட்டியில் சாயும் ஆட்டுக்கும் அதே கதவுதான் திறக்க வேண்டும்.

சென்னை வேப்பேரியில், 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. அங்கே இரவிலும் அவசரச் சிகிச்சை உண்டு. எங்கள் ஊர் விரியனுக்கு இந்த விவரம் தெரியாமல் போனது அதன் பிழைதான். தெரிந்திருந்தால் வேப்பேரிப் பக்கமாகப் போய்க் கடித்திருக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல் கடிக்கக் கூடாது, விடுமுறை நாட்களில் படம் எடுக்கக் கூடாது என்று பாம்புகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலும் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும். நாட்டு நாய்களைப் பற்றிப் பேசுவதில் மட்டும் நமக்குக் குறைவில்லை. 2005இல் இராஜபாளையம் நாயை அஞ்சல் தலையில் அச்சிட்டோம். கண்காட்சியில் சிப்பிப்பாறைக்கும் கோம்பைக்கும் பரிசுக் கோப்பை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். உரிமம் வாங்கு, வரி கட்டு, தடுப்பூசி போடு என்று சொல்ல வேண்டிய நேரத்திலெல்லாம் அரசுக்கு நாய் நினைவுக்கு வருகிறது. அது உயிருக்குத் தவிக்கும் இரவில் மட்டும் அது 'உரிமையாளரின் பொறுப்பு' ஆகிவிடுகிறது.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன். மனிதருக்கு நேரும் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. எங்கே, எத்தனை பேருக்கு என்று கணக்கு வந்தால்தான் மருந்தை எங்கே வைப்பது என்று திட்டமிட முடியும் என்பதே அதன் நோக்கம். அதே ஏட்டில் ஒரு பத்தி சேர்த்து, கால்நடை மருந்தகங்களிலும் பாம்புக்கடியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். கரிச்சான் எந்தக் கணக்கிலும் இல்லை. கடிபட்டு வழியிலேயே இறந்து, ஓடைக்கரையில் புதைக்கப்பட்ட மற்ற நாய்களும் மாடுகளும் இல்லை. கணக்கில் இல்லாததால் தேவையும் இல்லை என்று கோப்பில் எழுதிவிடுவது எளிது.

ஆகவே, மாவட்டத்தில் ஓரிடத்திலாவது இரவு முழுவதும் ஒரு கால்நடை மருத்துவரையும், அவர் கைக்கெட்டும் இடத்தில் விஷமுறிவு மருந்தையும் ஏற்பாடு செய்து தருமாறு மறுபடியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நிதி ஒதுக்கீடு, பணியிட அனுமதி, அரசாணை என்று அதற்குக் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். அதுவரை, எங்கள் ஒன்றியத்து மருந்தகப் பலகையிலுள்ள அந்தச் செத்த எண்ணை அழித்துவிட்டு, இரவில் யாராவது எடுக்கக்கூடிய ஓர் எண்ணை எழுத உத்தரவிடுங்கள். எந்த எண் என்று மட்டும் தெரிவித்தால் போதும். வண்ணமும் தூரிகையும் நானே வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனு முடித்து வைக்கப்பட்ட ஒருவன்