அலெக்சாண்ட்ரியாவுக்கு மூன்று மணி நேரம் போதாது

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் எகிப்துப் பயணக் கட்டுரை படித்தேன். பிரமிடுக்கு இரண்டு பக்கம். அலெக்சாண்ட்ரியாவுக்கு ஒரே வரி: காலையில் கெய்ரோவில் கிளம்பினால் மாலைக்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாமாம். அதை நம்பி யாரும் பணம் கட்டிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

2018 நவம்பரில் நானும் தங்கையும் அப்படித்தான் போனோம். போக வர நானூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில். ஊருக்குள் மூன்று மணி நேரம். அதிலும் முக்கால் மணி நேரத்தைப் பாப்பிரஸ் என்கிற நாணல் தாள் விற்கும் கடை தின்றுவிட்டது. கெய்த்பே கோட்டையை வாசலோடு பார்த்தோம். பழைய கலங்கரை விளக்கம் பூகம்பங்களில் இடிந்துபோன அதே இடத்தில் 1477-ல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. 2002-ல் திறந்த புது நூலகத்தைப் பஸ் ஜன்னலில் காட்டினார்கள்.

என் வயிற்றெரிச்சல் வேறு. சேரநாட்டுப் பழைய துறைமுகமான முசிறியிலிருந்து வந்த சரக்கைச் செங்கடல் கரையில் இறக்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடத்தி, நைல் வழியாக இந்த ஊருக்குக் கொண்டுவர எழுதிய கடன் ஒப்பந்தம் ஒன்று வியன்னாவில் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுச் சமாசாரம், எழுதியதும் பாப்பிரஸில்தான். பஸ் நிறையத் தமிழர்கள் இருந்தும் வழிகாட்டி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவரை மட்டும் என்ன சொல்ல? முப்பது வருஷம் முசிறியையும் அதன் மிளகையும் பாடம் நடத்திய நானும் அந்த மிளகு கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று வகுப்பில் சொன்னதில்லை.

மனசு ஆறாமல், குழு ஊர் திரும்பிய பிறகு நாங்கள் மட்டும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டு மறுபடி அலெக்சாண்ட்ரியாவுக்கு ரயிலேறினோம். இறங்கியபோது கொட்டுகிற மழை. "மக்னஸா" என்றார் விடுதிக்காரர். துடைப்பம் என்று அர்த்தமாம். குளிர்காலப் புயல் ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு பெயரும் தேதியும் உண்டு; இது நவம்பர் நடுவில் வருவது. கடல் சுவரேறிக் கடற்கரைச் சாலையில் விழுந்தது. படகு போகவில்லை, மீனில்லை. பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கிய மாட்டு ஈரலை ரொட்டிக்குள் வைத்துத் தந்தார்கள். இரண்டு நாள் அதுதான். பகலில் நூலகம். கடலைப் பார்த்துச் சாய்ந்த கூரைக்குக் கீழே படிப்படியாக இறங்கும் வாசிப்புக் கூடம். அங்கிருந்து தங்கையை எழுப்பிக் கூட்டிவருவதே பாடாகிவிட்டது.

மூன்றாம் நாள் வெயில். அன்ஃபூஷி என்கிற கடலோரப் பகுதியில், மரப்படகுகள் விலா எலும்பு தெரிய நிற்கும் பட்டறைகளுக்குப் பக்கத்தில் ஒரு கடை. மீனை நாமே பொறுக்கி எடை போட்டுக் கொடுத்தால், தவிட்டில் புரட்டிக் கரி நெருப்பில் போடுகிறார்கள். தவிடு கருகித் தோலோடு உரிந்து வருகிறது. உள்ளே சதை ஈரம் குறையாமல் வெள்ளை வெளேரென்று. குளச்சல்காரி சொல்கிறேன், நம்பலாம்.

சைவக்காரர்கள் தஅமியா கேளுங்கள். மொச்சை மாதிரி ஒரு பயற்றை அரைத்துக் கீரை சேர்த்துப் பொரிப்பது, நம் பருப்பு வடைக்கு அக்கா முறை. இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். மிளகாய்ப்பொடி கட்டிக்கொண்டு போக வேண்டாம், ஈரல் கடையில் அவர்களே தாராளமாகப் போடுகிறார்கள்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியை, குளச்சல்