இருமலுக்கு நீல விளக்கு: பெட்டியில் அச்சிடப்படாதவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் தொடங்கிவிட்டால் சளி, காய்ச்சலுக்கான விளம்பரங்கள் பெருகுவது வழக்கம்தான். அண்மைக்காலமாக அவற்றுடன், வைரஸ் தொற்றை வீட்டிலேயே ஒளியால் குணப்படுத்தலாம் என்று கூறும் சிறு விளக்குகளும் கைபேசியிலும் அச்சு இதழ்களின் விளம்பரப் பக்கங்களிலும் வரத் தொடங்கியுள்ளன. மருந்துக் கடை நடத்தி ஓய்வுபெற்றவன் என்பதால் அக்கம்பக்கத்தினர் இதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதையே தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஒளி மருத்துவம் ஏமாற்று வேலை அன்று. தோலில் பற்றும் காசநோயை அடர்த்தியாகக் குவிக்கப்பட்ட ஒளியால் குணப்படுத்திய டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சென் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தைகளை நீல விளக்கின் கீழ் கிடத்தும் சிகிச்சை, 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் தொடங்கி, இன்று நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலும் அன்றாடம் நடக்கிறது. கண்கள் கட்டப்பட்டு நீல ஒளியில் படுத்திருக்கும் குழந்தையைப் பார்க்காத குடும்பம் குறைவு. அந்த நம்பிக்கையைத்தான் இவ்விளம்பரங்கள் கடன் வாங்குகின்றன. ஆனால் காமாலையில் ஒளி வேலை செய்யும் இடம் குழந்தையின் தோல். அங்கே தேங்கிய பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருளை, உடல் எளிதில் வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு அது மாற்றுகிறது. ஃபின்சென் வென்றதும் தோலில் இருந்த நோயைத்தான். நுரையீரல் காசத்துக்கு மருந்து கிடைக்க 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வரும்வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒளி எட்டும் இடத்தில் நோய் இருக்கிறதா என்பதே இங்கே முதல் கேள்வி. நீல ஒளி தோலுக்குள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு மேல் செல்வது அரிது. தோல், கொழுப்பு, தசை, விலா எலும்பு எல்லாவற்றையும் தாண்டி நுரையீரலில் உள்ள வைரஸை அது எட்டும் என்பது நம்பத்தக்கதன்று.

தொண்டையின் நிலை வேறு. வாயைத் திறந்தால் ஒளி அங்கே நேராகவே விழும். அமெரிக்காவின் வடக்கு கரோலினாவைச் சேர்ந்த எமிட்பயோ என்ற நிறுவனம், 425 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியைத் தொண்டையின் பின்பகுதியில் பாய்ச்சும் கருவி ஒன்றை உருவாக்கி, லேசானது முதல் மிதமானது வரையிலான கோவிட் நோயாளிகளிடம் சோதித்தது. நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம், நான்கு நாள் என்பது சிகிச்சை முறை. 2022-இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒப்பீட்டுக்காகத் தரப்பட்ட, பயன் தராத போலிக் கருவியைப் பயன்படுத்தியவர்களை விட உண்மைக் கருவி பயன்படுத்தியவர்களுக்கு வைரஸ் அளவு கூடுதலாகக் குறைந்தது. நோய்க்குறிகளும் சுமார் 57 மணி நேரம் முன்னதாகத் தீர்ந்தன. ஊக்கம் தரும் முடிவுதான். ஆயினும் பங்கேற்றவர்கள் மொத்தம் 31 பேர்; ஆய்வை நடத்தியது கருவியை உருவாக்கிய நிறுவனமே. அதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியதெல்லாம், அந்த அலைநீளத்தில், அந்த அளவில், அந்த இடத்தில் விழும் ஒளியைப் பெரிய ஆய்வுகளில் மேலும் சோதிக்கலாம் என்பது மட்டுமே. நீலமாக எரியும் வேறெந்த விளக்குக்கும் அது நற்சான்றாகாது.

போலிக் கருவி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். மருந்து சாப்பிட்டால் சளி ஒரு வாரத்தில் போகும், சாப்பிடாவிட்டால் ஏழு நாளில் போகும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தானாகவே தீரும் நோயில், விளக்கைப் பிடித்தேன், குணமானேன் என்ற அனுபவ உரைகள் எத்தனை சேர்ந்தாலும் எதையும் நிறுவுவதில்லை. மாத்திரையிலாவது மருந்தில்லாத மாத்திரையை ஒரே தோற்றத்தில் செய்துவிடலாம். விளக்கு கண்ணுக்குத் தெரிவதால் போலியும் எரிய வேண்டும், ஆனால் பயன் தரக்கூடாது. இந்தச் சிக்கலைப் பற்றி விளம்பரங்கள் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

தெருவில் ஒருவர் வாங்கிவந்த அத்தகைய விளக்கின் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எத்தனை வாட், எந்த வகை யூஎஸ்பி வயர் என்பதெல்லாம் இருந்தது. அலைநீளம் இல்லை, ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் ஒளியாற்றலின் அளவு இல்லை, உரிம எண்ணும் இல்லை. 'தேவைக்கேற்பப் பயன்படுத்தவும்' என்று மட்டும் இருந்தது. இருமல் மருந்தில் இப்படி அளவு குறிப்பிடாமல் எழுதியிருந்தால் எந்த மருந்தாளுநரும் அதை அலமாரியில் வைக்கமாட்டார்.

புற ஊதா விளக்குகள் இன்னும் ஆபத்தானவை. கைகளையோ தோலின் பிற பகுதிகளையோ தூய்மைப்படுத்த அவற்றைப் பயன்படுத்தக்கூடாது என்று கோவிட் காலத்திலேயே உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. கையில் பிடிக்கும் சில புற ஊதாக் கோல்கள் சில நொடிகளிலேயே தோலையும் கண்ணையும் காயப்படுத்தக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 ஜூலையில் அறிவித்தது. காய்ச்சலுக்கு நம் ஊரில் தாராளமாக எழுதித்தரப்படும் டாக்சிசைக்ளின் மாத்திரை, புற ஊதாக் கதிருக்குத் தோலைக் கூடுதலாகக் கூச வைக்கும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என்றாலும் என்னை மிகவும் அஞ்சவைப்பது காலதாமதம்தான். இன்ஃப்ளூயன்சா என்ற ஃப்ளூ காய்ச்சலுக்கான ஓசெல்டாமிவிர் மருந்து, நோய்க்குறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். முதியவரோ கர்ப்பிணியோ ஆஸ்துமா உள்ளவரோ நான்கு நாள் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போனால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போயிருக்கும். மூச்சுவாங்கினாலோ, ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினாலோ செல்ல வேண்டிய இடம் மருத்துவமனை.

சட்டம் இல்லாமலும் இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துவிட்டன. ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடை செய்யும் 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் அட்டவணையில் காய்ச்சல்களும் நிமோனியாவும் இடம்பெற்றுள்ளன. உடலின் இயக்கத்தில் மாற்றம் உண்டாக்குவதற்கான பொருள்களையும் அச்சட்டம் மருந்து என்றே கருதுகிறது. அத்தகைய விளம்பரத்தை அச்சிடுவதும் அதன் வெளியீட்டில் பங்கேற்பதாகவே கொள்ளப்படும் என்பதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். ஆகவே, இத்தகைய கருவிகளின் விளம்பரத்தை ஏற்கும் முன் அதன் உரிம எண்ணையும், அலைநீளத்தையும், எந்த நோய்க்கு அனுமதி பெறப்பட்டது என்பதையும் எழுத்துமூலம் கேட்டுப் பெறுமாறு தங்கள் விளம்பரப் பிரிவுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
கும்பகோணம்.