அந்த இரவில் என் அருகில் அமர்ந்த சகோதரிக்கு

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே என் தாயாருக்காகக் காத்திருந்த 9ஆம் இரவில், நான் அழைக்காமலேயே என் அருகில் வந்து அமர்ந்த சகோதரிக்கு, கர்த்தருடைய நாமத்தில் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் பெயரைக் கேட்கத் தவறிவிட்டேன்.

"எல்லாம் நன்மைக்கே" என்று பலர் சொல்லிச் சென்றிருந்தார்கள்; அந்த நேரத்தில் அது எனக்குப் பாரமாகவே இருந்தது. நீங்களோ அப்படி எதுவும் சொல்லாமல், அட்டை பிரிந்து ரப்பர் வளையம் போட்டிருந்த உங்கள் வேதாகமத்தைத் திறந்து, 13ஆம் சங்கீதம் என்னும் ஜெபப்பாடலின் வரிகளுக்குக் கீழே விரலை மெல்ல நகர்த்திக் காட்டினீர்கள். முதல் 2 வசனங்களிலேயே 'எதுவரைக்கும்' என்று 4 முறை கேட்கும் தாவீது ராஜா, 6ஆம் வசனத்தில் கர்த்தரைப் பாடுவேன் என்று முடிக்கிறார். இடையில் அவருடைய சூழ்நிலை மாறியதாக அந்தச் சங்கீதம் எங்கும் சொல்லவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அழுகையும் துதியும் ஒரே ஜெபத்தில் இருக்கலாம் என்று அதுவரை எனக்கு ஒருவரும் சொல்லித்தந்ததில்லை. வேதாகமத்தில், சுவிசேஷ ஊழியர்களான பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணத்துச் சிறையில் நடுராத்திரியில் பாடியபோதும், அவர்களுடைய கால்கள் தொழுமரத்தில், அதாவது கைதிகளின் கால்களைப் பூட்டிவைக்கும் மரக்கட்டையில்தான் மாட்டப்பட்டிருந்தன. பூமி அதிர்ந்து சிறைக் கதவுகள் திறந்தது அதற்குப் பிறகுதான்.

பின்பு நீங்கள் தாழ்ந்த குரலில் பாடினீர்கள். என்னால் உதட்டை மட்டுமே அசைக்க முடிந்தது. அதையும் தேவன் ஏற்றுக்கொள்வார் என்றீர்கள்.

4 நாட்கள் கழித்து என் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அடக்க ஆராதனையில் அதே சங்கீதத்தை நானே வாசித்தேன். 6ஆம் வசனத்தில் குரல் உடைந்தது, ஆனாலும் வாசித்து முடித்தேன்.