திருத்தம் எந்தப் பக்கத்தில் வரும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் "124 ஒளியாண்டு தொலைவில் உயிர்: விஞ்ஞானிகள் உறுதி" என்று முழுப் பக்கத்துக்குத் தலைப்புப் போட்டிருந்தீர்கள். அந்த 'உறுதி'யைச் சொன்னது யார் என்று மூன்று முறை படித்துத் தேடினேன், கிடைக்கவில்லை. 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜிலிருந்து இதை அறிவித்த நிக்கு மதுசூதன் குழுவினரே, இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது என்றுதான் சொன்னார்கள். கே2-18பி என்ற அந்தக் கோளின் காற்றில் டைமெத்தில் சல்பைடு என்ற வாயு இருப்பதுபோல் தெரிகிறது, அது தற்செயலாகத் தெரிய ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு உண்டு என்பது அவர்கள் கணக்கு. கண்டுபிடிப்பு என்று ஏற்க அந்தத் துறை கேட்பது இதைவிடப் பல மடங்கு கடுமையானது. அதே தரவை அலசிய வேறு குழுக்கள் அந்த அறிகுறியே நிச்சயமில்லை என்றன. உங்கள் அறிவியல் பகுதியைப் பார்ப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது.

மணக்குடிப் பொழிமுகத்தில் நின்றால் மூக்கில் ஏறுகிறதே கடல்வாடை, அதில் இந்த வாயுவும் சேர்ந்திருக்கிறது. நம் கடலில் நுண்பாசிகளால் உண்டாவது. ஆனால் 67பி வால்நட்சத்திரத்திலும் அது தென்பட்டிருக்கிறது. அங்கே எந்தப் பாசி? இந்த ஒரு வரியாவது கட்டுரையில் இருந்திருக்கலாம்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று சொல்லிவிடுகிறேன். 2010 டிசம்பரில் நாசா முன்கூட்டியே அழைப்பு விட்டு, ஒரு பேட்டி வைத்தது. கலிபோர்னியாவின் மோனோ ஏரியிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியா பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்சனிக்கை வைத்தே உடம்பைக் கட்டிக்கொள்கிறது என்றார்கள். 'பாஷாணத்தில் வாழும் உயிர்' என்று உங்கள் முதல் பக்கத்தில் வந்தது. நான் அப்போது பிளஸ் ஒன் வேதியியல் ஆசிரியர். உங்கள் பேப்பரைத்தான் கையோடு வகுப்புக்குக் கொண்டு போனேன். உயிருக்கு அடிப்படையான ஆறு தனிமங்களை போர்டில் எழுதி, பாஸ்பரஸை டஸ்டரால் அழித்து, அந்த இடத்தில் ஆர்சனிக் என்று எழுதினேன். இரண்டாம் பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "சார், டெஸ்ட் டியூப் சரியா கழுவலேன்னாலே நமக்கு சால்ட் தப்பா வருது. அவங்க தண்ணியில துளி பாஸ்பேட் கூட இல்லாம எப்படி வச்சாங்க?" என்று கேட்டாள். "நாசாவே சொல்லுது, உக்காரு" என்றேன்.

அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. ரோஸி ரெட்ஃபீல்டு என்ற கனடா விஞ்ஞானியும் அதையே கேட்டார். 2012 ஜூலையில், அந்த ஆர்சனிக் கட்டுரையை வெளியிட்ட அதே 'சயின்ஸ்' இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. அந்த உயிர் ஆர்சனிக்கைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் பாஸ்பேட் இல்லாமல் வளராது என்று ஒன்று. டிஎன்ஏவைச் சுத்தம் செய்து பார்த்தால் அதில் ஆர்சனேட் என்ற ஆர்சனிக் சேர்மம் இல்லை என்று மற்றொன்று. உங்கள் பேப்பரில் ஒரு வரி இல்லை. கடைசியில் 2025 ஜூலையில் சயின்ஸ் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெற்றது. மோசடி என்று யாரும் சொல்லவில்லை, எழுதியவர்கள் திரும்பப் பெற்றதை இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு. அன்றும் உங்களிடம் ஒரு வரி இல்லை. இதை எனக்கு போனில் சொன்னது அந்த இரண்டாம் பெஞ்சுப் பிள்ளைதான். "பேப்பர்ல போட்டிருக்காங்களா சார்?" என்று கேட்டாள்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. இரண்டு வருடம் முன்பு எங்கள் ஊர் உப்பளத்தைப் படம் எடுத்து, 'ரத்தச் சிவப்பில் மாறிய தண்ணீர், மக்கள் பீதி' என்று மாவட்டப் பக்கத்தில் போட்டீர்கள். புத்தளத்தில் யாருக்கு ஐயா பீதி? என் அப்பா உப்பளத்தில் கூலிக்குப் போனவர். கோடையில் பாத்தித் தண்ணீர் கெட்டியாகிச் சிவந்தால், உப்பு விளையப் போகிறது என்று சந்தோஷப்படுவார். அந்தச் சிவப்பே வினோத உயிர்தான். மற்றதெல்லாம் செத்துப் போகும் உப்பில் அது வாழும். பாக்டீரியா மாதிரி தெரியும், ஆனால் பாக்டீரியா இல்லை. ஆர்க்கியா என்ற தனிக் கிளை. அப்படி ஒரு கிளை இருப்பதை 1977இல் கார்ல் வோஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி சொன்னபோதும் நாசா அறிவிப்பு, முதல் பக்கச் செய்தி என்று ஆரவாரம்தான். சக விஞ்ஞானிகள் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் வருடக்கணக்கில் சோதித்த பிறகும் அது நின்றது. அதனால், சத்தமாகச் சொன்னாலே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. சோதனைக்குப் பிறகு என்ன ஆனது என்று நீங்கள் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம். இதையெல்லாம் அன்று நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். 'உப்பளம் சிவப்பது இயல்பே: வாசகர்' என்று இரண்டு வரி போட்டீர்கள். சரி, இடம் இல்லை என்று விட்டுவிட்டேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஆர்சனிக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்று ஞாயிறு இணைப்பில் நான்கு வரி போடுங்கள். கே2-18பி பற்றி அடுத்து என்ன தெரிய வந்தாலும், அது சப்பென்று இருந்தாலும், அதே பக்கத்தில் போடுங்கள். அந்த நான்கு வரி வந்தால் வெட்டி எடுத்து அந்தப் பிள்ளைக்கு அனுப்ப வேண்டும். பதினைந்து வருடம் முன்பு உட்காரச் சொன்னதற்கு வேறு எப்படிப் பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்,
புத்தளம், கன்னியாகுமரி மாவட்டம்