ஒஹாயோல இருக்கற நம்ம வேட்டைச் சங்கத்தோட 2024 ஆண்டறிக்கை – செயலாளர் வாசிச்சது

அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவு கணக்கை பொருளாளர் தனியா வாசிப்பார், அதனால நான் அதுக்குள்ள போகல. புதுசா சேர்ந்தவங்க ஹன்டர் எஜுகேஷன் வகுப்பை முடிச்சுட்டாங்க, ரொம்ப சந்தோஷம். வயாண்டாட், மேரியன், ஹார்டின் கவுண்டி பக்கம் வேட்டைக்குப் போறவங்க மான் நோய் பரிசோதனை விதியை வருஷா வருஷம் புதுசா பாத்துட்டுப் போங்க, போன வருஷம் இருந்ததுதான் இப்பவும்னு இருந்துடாதீங்க.

இந்த வருஷத்தோட பெரிய விஷயம் அந்த ஒத்தைத் தோட்டா ரைபிள் (ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடற சிங்கிள் ஷாட்) தான், அதையே விரிவா சொல்றேன்.

புதுசா வர்றவங்க, அதுலயும் பசங்களும் உயரம் கம்மியா இருக்கற அக்காமாரும், நம்மகிட்ட இருக்கற நீள துப்பாக்கிய வச்சு கஷ்டப்படறாங்கன்னு மார்ச் கூட்டத்துல பேச்சு வந்துச்சு, தலைவர் அண்ணன் தன் பேர்லயே சின்ன துப்பாக்கி ஒண்ணு வாங்கி கூடவே வந்து பழக்கறேன்னு முன்வந்தார். அவருக்கு சங்கம் கடமைப்பட்டிருக்கு.

என்ன காலிபர், அதாவது எந்த அளவு தோட்டாங்கறதுல தான் நிறைய நேரம் போச்சு. கடைல போய் "சின்னவங்களுக்கு ஒரு சிங்கிள் ஷாட்"னு கேட்டா முதல்ல 243ஐ தான் எடுத்துக் காட்டறாங்க. சுடும்போது தோள்ல உதை கம்மி, நல்ல தோட்டா தான், ஆனா ஒஹாயோல மானுக்கு அது ஆகாது. 2014லேருந்து இங்க ரைபிள் விட்டாங்கன்னாலும் நேர் சுவர் தோட்டா (கழுத்து குறுகாம நேரா குழாய் மாதிரி இருக்கறது) மட்டும் தான், அதுவும் 0.357 இஞ்சுலேருந்து 0.50 இஞ்ச் காலிபர் வரைக்கும். 243 மாதிரி கழுத்து குறுகின தோட்டா எதுவும் கூடாது. இது தெரியாம வாங்கிட்டு திருப்பிக் குடுக்க அலைஞ்சவங்க நம்மள்லயே இருக்காங்க.

மிச்சம் இருந்தது 350 லெஜண்ட் (பேர்ல தான் 350, விதிப்படி 357 கணக்குல வரும்), 44 மேக்னம், 450 புஷ்மாஸ்டர், அப்புறம் 1873லேருந்து இருக்கற 45-70. ஏப்ரல்ல ஒருத்தரோட இரவல் 45-70ஐ ஒரு அக்கா கைல குடுத்து நாலு ரவுண்டு சுடச் சொன்னது நான் தான், அது தப்பு. லேசான துப்பாக்கில அந்தத் தோட்டா தோள்பட்டைய பேத்துடும், அதுக்கப்புறம் ரெண்டு மாசம் அவங்க ட்ரிகரைத் தொட்டாலே கண்ணை மூடிட்டாங்க, காலித் தோட்டா போட்டு பழக்கி தான் சரி பண்ணோம். அவங்ககிட்ட தனியா மன்னிப்பு கேட்டுட்டேன், இங்கயும் கேட்டுக்கறேன். 2019ல வின்செஸ்டர் கொண்டு வந்த 350 லெஜண்டோட உதை அதுல பாதிக்கும் கீழ தான் இருக்கும், 150 கிரெயின் எடை குண்டு நொடிக்கு 2,300 அடி வேகத்துக்கு மேல போகுது, நம்ம காட்டுல 150 யார்டு தாண்டி யாரும் சுடப்போறதும் இல்ல. அதனால அதுவே முடிவாச்சு.

அடுத்து எந்தக் கம்பெனி துப்பாக்கின்னு பாத்தோம். ஹென்ரி நல்லா இழைச்சு செஞ்ச துப்பாக்கி, ஆனா வெயிட்டும் விலையும் கூட. பழைய ஹெச் அண்ட் ஆர் ஹேண்டி ரைபிள் 2015லயே நின்னுபோச்சு, நல்ல நிலைமைல கிடைக்கறது அரிது. கடைசில வாங்கினது சிவிஏ கம்பெனியோட ஸ்கவுட், 20 இஞ்ச் பேரல். போல்ட் ரைபிள்னா முன்னும் பின்னும் இழுத்து தோட்டா ஏத்தற அந்த போல்ட் பகுதியே பல இஞ்ச் எடுத்துக்கும், நடுவுல மடங்கற துப்பாக்கில அது கிடையாது, அதனால மொத்த நீளமே மூணடிக்குள்ள நின்னுடுது, கூடாரத்துக்குள்ள உக்காந்துட்டு திருப்பும்போது துணில இடிக்கல. எனக்குப் பிடிச்சது இன்னொண்ணு: மடக்கித் திறந்தா தோட்டா இருக்கா இல்லையான்னு பக்கத்துல நிக்கறவங்களுக்கும் தெரியும். வேலி தாண்டறப்ப, ஏணி ஏறுறப்ப காலி பண்ணி திறந்தே வச்சுக்கலாம், பசங்களைக் கூட்டிட்டுப் போற எனக்கு அது பெரிய நிம்மதி.

ஸ்கோப் மாட்டினதுல தான் சிக்கல். கடைல மாட்டிக் குடுத்தாங்க, இங்க ஒஹாயோ டெலவேர்ல இருக்கற ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போய் சுட்டா குண்டு ஒண்ணு மேலயும் ஒண்ணு பக்கவாட்டுலயுமா திரியுது, தோட்டாவை மாத்தினோம், ஆளை மாத்தினோம், ரெண்டு பெட்டி காலி. அப்புறம் தம்பி ஒருத்தர் ஸ்கோப்பைப் பிடிச்சு ஆட்டிப் பாத்தார், அடிக்கட்டை ஸ்க்ரூ லூஸ், எண்ணெயோடவே முடுக்கியிருக்காங்க. எல்லாத்தையும் கழட்டி எண்ணெய் துடைச்சு ஸ்க்ரூ லூஸாகாம பிடிக்கற நீலக் கலர் லாக்டைட் பசை ஒரு சொட்டு வச்சு அளவு காட்டற முறுக்கியால முடுக்கினோம், அன்னைலேருந்து நகரல. பேரலை மூட்டை மேல வைக்காம பேரலுக்குக் கீழ இருக்கற முன் கைப்பிடிக் கட்டையை வச்சு சுடணும், மூணு சுட்டுட்டு ஆற விடணும், பேரல் மெலிசு.

முதல்ல 25 யார்டுல பேப்பர்ல விழ வச்சுட்டு அப்புறம் 100க்குப் போனோம். ஸ்கோப் திருகுல ஒரு க்ளிக்குக்கு கால் இஞ்ச்னு போட்டிருக்கறது 100 யார்டுக்கு, 25ல ஒரு இஞ்ச் நகர்த்த பதினாறு க்ளிக் வேணும், இது தெரியாம நிறைய பேர் ரெண்டு க்ளிக் திருப்பிட்டு ஒண்ணும் ஆகலைங்கறாங்க. 100ல சரியா வச்சா 150ல மூணு இஞ்ச் கிட்ட இறங்கும், அதுக்குள்ள குறியை மாத்தவே வேண்டியதில்ல.

ஸ்கோப் கீழயே ஹேமர் (சுடறதுக்கு முன்னாடி கட்டை விரலால பின்னால இழுக்கற சுத்தி) இருக்கறதால கட்டை விரல் போக இடம் இல்ல, கையுறை போட்டா வழுக்கும், அதனால பக்கவாட்டு நீட்டிப்பு கட்டாயம். தோட்டா இல்லாம கையுறையோட ஹேமரை மெதுவா இறக்கிப் பழகாத யாருக்கும் துப்பாக்கி குடுக்கறதில்லன்னு செயற்குழு முடிவு பண்ணிருக்கு. தோள்ல வைக்கற கட்டையான ஸ்டாக்கோட நீளத்தை குளிர் கோட்டு போட்டுட்டே அளக்கணும், ஜூலைல டி-ஷர்ட்டோட பாத்தா நவம்பர்ல தோள்ல தட்டும்.

நவம்பர் 16, 17 இளையோர் சீசன்ல நம்ம பொண்ணு ஒருத்தி, பதினாலு வயசு, அப்பாகூட உக்காந்திருந்தா. சனிக்கிழமை காலைல 40 யார்டுல பெட்டை மான் நேரா அவளைப் பாத்து நின்னுச்சு, பக்கவாட்டா திரும்பவே இல்ல, அவ சுடல. கைல ஒரே தோட்டா தான் இருக்குன்னு தெரிஞ்சதால காத்திருந்தேன்னு சொன்னா. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் 60 யார்டுல இன்னொண்ணு, ஒரே குண்டு, பார்வைக்குள்ளயே விழுந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே கேம் செக், அதாவது அடிச்ச மானை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கற பதிவு பண்ணாங்க. பாதிக் கறிய மிளகு வறுவலா நம்ம டிசம்பர் கூடுகைல எல்லாரும் சாப்பிட்டோம்.

ஊர்ல சொந்தக்காரங்க "மான் அடிச்சா ஜெயில்"னு பயப்படறாங்கன்னு சில பேர் சொன்னீங்க. இந்தியாவுல 1972 வன உயிர் பாதுகாப்புச் சட்டப்படி அது உண்மை தான். இங்க லைசென்ஸ், பர்மிட், சீசன் எல்லாம் வச்சு எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தறதே வேட்டையால தான்னு பொறுமையா சொல்லுங்க.

அடுத்த ஆகஸ்ட் ரேஞ்ச் நாளுக்கு ரெண்டு பேர் பொறுப்பெடுக்கணும், கை தூக்குங்க. வர்றவங்க குளிர் கோட்டை மறக்காம எடுத்துட்டு வாங்க.