சாம்பிள் பாட்டிலைக் கைவிடாதீர்கள்

எண்ணெய் வயல்களில் பொறுப்பில் இருக்கும் நம் ஊர்ப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். வளைகுடாவில், ஒவ்வொரு கிணறும் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தண்ணீர் தருகிறது என்று அளக்கும் கிணற்றுச் சோதனை ஆபரேட்டராக இருந்துவிட்டு, இப்போது காரைக்குடியில் ஓய்வாக இருக்கிறவன் எழுதுகிறேன். பொங்கலுக்கு வந்த உங்களில் ஒருவர் கல்லுக்கட்டி டீக்கடையில் வைத்து, "அண்ணே, இப்ப எல்லாம் ஆட்டோமேட்டிக். சாம்பிள் எடுக்கிறதையே நிறுத்திட்டோம்" என்று பெருமையாகச் சொன்னார். அன்று வாயை மூடிக்கொண்டு வந்தது இன்னும் உறுத்துகிறது.

மெஷினை நான் குறை சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வால்வு திருப்பியவனுக்கு, வால்வு தானே திரும்பிக் கிணறுகள் ஒவ்வொன்றாகச் செப்பரேட்டருக்கு, அதாவது வாயுவையும் திரவத்தையும் பிரிக்கும் கலனுக்கு, வருவது வரம்தான். ஆனால் எங்கள் வயலில் இருந்த மெஷின் எண்ணெயைத் தனியாக அளக்காது. மொத்தத் திரவத்தையும் அதன் அடர்த்தியையும் அளந்து, இதில் தண்ணீர் இவ்வளவு என்று கணக்குப் போடும். எண்ணெயின் அடர்த்தி, தண்ணீரின் அடர்த்தி இரண்டையும் அதற்குச் சொல்லிக் கொடுத்தது நாம்தான்.

அங்கேதான் ஒருமுறை மாட்டினோம். நாளுக்கு 1000 பீப்பாய் திரவம் தரும் கிணறு. திரையில் தண்ணீர் 87 சதவீதம், அதாவது எண்ணெய் 130 பீப்பாய். நான் பிடித்த சாம்பிளில் 95 சதவீதம், எண்ணெய் வெறும் 50. என் கைதான் தப்பு என்று மூன்று தடவை சாம்பிளைச் சுழல் கருவியில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். மாறவில்லை. அழுத்தத்துக்காகப் பூமிக்குள் செலுத்திய கடல்நீர் அந்தக் கிணற்றுக்கு வந்துவிட்டிருந்தது. 1.10 அடர்த்தியில் இருந்த உப்புத் தண்ணீர் 1.08 ஆகியிருந்தது. எண்ணெய் 0.86. பழைய 1.10-ஐயே நம்பிய மெஷின், தண்ணீரின் அடர்த்தி குறைந்ததை எண்ணெய் கூடியதாக எழுதிக்கொண்டே இருந்தது. மாதக் கடைசியில் விற்பனைத் தொட்டியில் விழுந்த துண்டைப் பாவம் மற்றக் கிணறுகளின் தலையில் கட்டியிருந்தார்கள்.

சாம்பிளும் பொய் சொல்லும், அதையும் சொல்லிவிடுகிறேன். படுத்த குழாயின் அடியில் பிடித்தால் தண்ணீர்தான் வரும், மேலே பிடித்தால் எண்ணெய்தான். திரவம் நன்றாகக் கலந்து வரும் இடத்தில், நிமிர்ந்த குழாயில் பிடியுங்கள். சாம்பிள் குழாயில் தேங்கிக் கிடந்ததை முதலில் ஓடவிடுங்கள். கிணறு கொஞ்ச நேரம் தண்ணீராகவும் கொஞ்ச நேரம் எண்ணெயாகவும் கக்கும், அதனால் ஒரே பாட்டிலை நம்பாமல் சோதனை நடக்கும் நேரம் முழுக்கச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். (காற்று வரும் பக்கம் நில்லுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயுவைக் காட்டும் மீட்டர் சட்டையில் இருக்கட்டும்.)

பிறகு அந்தக் கூம்புக் கண்ணாடிக் குழாய். பாதி சாம்பிள், பாதி டொலுயீன் (எண்ணெயைக் கரைக்கும் திரவம்), தண்ணீரைப் பிரிப்பதற்கு இரண்டு சொட்டு மருந்து, 60 டிகிரி சூடு, அப்புறம் சுற்றல். அடியில் ஒரு சிட்டிகை மணல், அதன்மேல் தண்ணீர், உச்சியில் கறுப்பு எண்ணெய். தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் நடுவில் பழுப்பாக ஓர் ஆடை நிற்கும். செக்கு நல்லெண்ணெயை வெயிலில் வைக்கிற என் அப்பத்தா பார்த்திருந்தால் கசண்டு என்றிருப்பார். கசண்டு இறங்காமல் எண்ணெயை அவர் அளக்கவே மாட்டார். இந்த ஆடைக்குள்ளும் தண்ணீர் ஒளிந்திருக்கும். ஒரே குழாயை இரண்டு பேர் இரண்டு எண்ணாகப் படிப்பது இதனால்தான். அளவு மாறாமல் நிற்கும்வரை மறுபடி சூடுபடுத்திச் சுற்றுங்கள்.

நான் கேட்பது பெரிதில்லை. மாதம் ஒரு தடவையாவது, மெஷின் சோதிக்கும் அதே நேரத்தில் சாம்பிளும் எடுங்கள். கிணறு வாரியாக இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வித்தியாசத்தைக் கூட்டல், கழித்தல் குறியோடு போடுங்கள். வித்தியாசம் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்த எண்களை முதலில் பாருங்கள். அங்கும் இங்கும் தாவினால் சாம்பிள் பிடிக்கிற கையைப் பாருங்கள்.

டீக்கடைத் தம்பிக்கு மட்டும் ஒரு வார்த்தை. அடுத்த பொங்கலுக்கு வரும்போது அந்தக் கணக்கைக் கொண்டு வாருங்கள். டீ என் செலவு.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஆபரேட்டர் ஒருவர்
காரைக்குடி